எண்பதக்கா வீட்டுப் பின்வாசல்

பொட்டல்நல்லூருக்குக் காலங்கள் குடிவந்தது ஒரு புரட்டாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. பகல் பதினொன்றரை மணி டவுன் பஸ்ஸிலிருந்து நான்கு பெண்பிள்ளைகள் ஆளுக்கொரு டிரங்குப் பெட்டியோடு இறங்கி, கசங்கிய துணியை உதறிச் சரிசெய்துகொண்டு, வெற்றிலைக் கடை வாசலில் நின்று, இந்த ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று கேட்டார்கள். நீங்களெல்லாம் யார், எந்த ஊர் என்று கடைக்காரர் விசாரித்ததற்கு, ஊரெல்லாம் இல்லை அண்ணாச்சி, நான் எழுபது, இவள் எண்பது, அவள் தொண்ணூறு, கடைக்குட்டி இரண்டாயிரம் என்று மூத்தவள் சொன்னாள். கடைக்காரரும் அப்படியா சரி என்று, செல்லையா வளவில் நாலு வீடு காலியாகக் கிடக்கிறது, போய்க் கேளுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, அடுத்த ஆளுக்குச் சுண்ணாம்பு எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார்.

வளவு என்றால் ஒரே தலைவாசலுக்குள் வரிசையாக வீடுகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. நாலு பேரும் பால் காய்ச்சி அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் கொடுத்தபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. எழுபதின் பின்கதவைத் திறந்தால் அங்கே இருக்கவேண்டிய சாக்கடையும் முருங்கை மரமும் இல்லை, எழுபதுகளின் பொட்டல்நல்லூர் வெயிலில் கிடந்தது. எண்பதின் பின்கதவுக்கு அப்பால் எண்பதுகளின் தெருக்கள், தொண்ணூறின் பின்கதவுக்கு அப்பால் தொண்ணூறுகளின் தெருக்கள், இரண்டாயிரத்தின் கதவைத் திறந்தாலோ ஊர் முழுக்க ஒரே நேரத்தில் செல்போன் மணி அடித்தது. செத்துப்போனவர்கள் அந்தந்தக் காலத்துக்குள் குடம் தூக்கிக்கொண்டும், சண்டை போட்டுக்கொண்டும், தலை காயவைத்துக்கொண்டும் சௌக்கியமாகத்தான் இருந்தார்கள். ஊர் ஒரு வாரம் வாயைப் பிளந்து பார்த்தது, அடுத்த வாரம் பழகிவிட்டது.

பழகியதும் முறை வைத்துக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மூத்தவள் எழுபது பெரியம்மை ஆனாள், அடுத்தவள் எண்பதக்கா, அதற்கடுத்தவள் தொண்ணூறு மதினி. கடைசிக்காரியை மட்டும் ஏ ரெண்டாயிரம் என்று பேர் சொல்லியே கூப்பிட்டார்கள். பள்ளிக்கூட வாத்தியார் வரலாற்றுப் பாடத்துக்குப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்தார். பூக்காரி பேச்சியம்மாள், இந்தக் காலத்தில் யார் கனகாம்பரம் வைக்கிறார்கள் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு தினமும் எண்பதக்கா வீட்டுப் பின்வாசல் வழியாகப் போய் விற்றுவிட்டு வந்தாள். முப்பதைத் தாண்டியும் பெண் கிடைக்காத நைன்ட்டீஸ் கிட்ஸ் பையன்கள் தொண்ணூறு மதினி வீட்டுப் படியில் காலையிலிருந்தே உட்கார்ந்து, தேன்மிட்டாயைத் தின்றுகொண்டு, எங்கள் காலம் மாதிரி வராது என்று பெருமூச்சு விட்டார்கள். அவர்களைத் தாண்டிப் போகிற டூகே பிள்ளைகள், மாமா நீங்க இன்னும் கல்யாணம் பண்ணலையா என்று கேட்டுவிட்டு ஓடினார்கள்.

ஒரே ஒரு கட்டுப்பாடுதான். அங்கே போய்க் காபி குடிக்கலாம், முறுக்கு தின்னலாம், இலை போட்டுச் சோறு மட்டும் சாப்பிடக்கூடாது, சாப்பிட்டவர் அந்தக் காலத்து ஆளாகிவிடுவார், திரும்ப முடியாது. இது யாரும் சொல்லித் தெரிந்ததல்ல. தபால்காரர் முத்துநாயகம் எழுபதுக்குள் போனவர், தன் அம்மா பரிமாறிய புளிக்குழம்பைத் தட்டமாட்டாமல் ஒரு பிடி அள்ளிப் போட்டார், அதோடு சரி. இப்போதும் காலையில் அவர் வாய் கொப்பளிக்கிற சத்தம் பின்கதவு வழியாகக் கேட்கும், அவர் மனைவி துவைத்த வேட்டியைக் கதவுச் சந்தில் நீட்டுவாள், அவர் கை வந்து வாங்கிக்கொள்ளும்.

அந்த வளவுக்கு நேர் எதிரே தையல் மிஷின் போட்டிருப்பவள் சொர்ணக்கிளி. ஐம்பத்துமூன்று வயது, ஊரில் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பவள், காலத்தைக் கை நீளத்தில் அளப்பவள். முழங்கை வரை கை, பஃப் கை, குட்டைக் கை, பிறகு கையே இல்லாத கை என்று அவளுக்குத் தெரிந்த சரித்திரம் அவ்வளவுதான், ஆனால் அதில் அவளை யாரும் மடக்க முடியாது. அதிகம் பேசமாட்டாள். ஏன் என்று கேட்டால், கல்யாணமான புதுசில் எவளோ ஒரு பொம்பளை வீட்டுக்குள் வந்து, போட்டிருந்த வெறும் இலையை எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டுப் போனாள், அன்றோடு எனக்குப் பேச்சு அற்றுப்போயிற்று என்பாள். பொட்டல்நல்லூரில் சாப்பிட்ட இலையைத் தன் பக்கம் மடித்தால் உறவு, எதிர்ப்பக்கம் மடித்தால் சாவு வீடு. அந்தப் பொம்பளை கை விளங்காமல் போக என்று முப்பத்துமூன்று வருஷமாகச் சொர்ணக்கிளி விளக்கேற்றும்போதெல்லாம் சபித்துவந்தாள். அவளுக்கே வலது மணிக்கட்டில் தீராத ஒரு வலி உண்டு, கத்தரி பிடித்துப் பிடித்து வந்தது என்று எண்ணெய் தேய்த்துக்கொள்வாள்.

மார்கழி பிறந்ததும் எல்லைத் தகராறு வந்தது. எண்பது எங்கே முடிகிறது, தொண்ணூறு எங்கே தொடங்குகிறது என்று இரண்டு வீட்டுக்காரிகளுக்கும் சண்டை. சில வருஷங்கள் யார் வீட்டுப் பின்வாசலில் இருப்பது என்று தெரியாமல் நடுவில் தவித்து, அந்த வருஷத்து ஆட்கள் இரண்டு பக்கமும் போய் வந்துகொண்டிருந்தார்கள். காலண்டர்படி தொண்ணூறுதானே என்றார் வாத்தியார். அதெப்படி, நம் ஊருக்கு எதுவும் கடைசி பஸ்ஸில்தான் வரும், கேபிள் டிவி வந்ததிலிருந்துதான் தொண்ணூறு என்றார் ஒருவர். இல்லை, எஸ்டிடி பூத் வந்த அன்றைக்கு என்றார் இன்னொருவர். மாப்பிள்ளைக்குச் சைக்கிள் கொடுப்பது நின்று மோட்டார் பைக் கேட்க ஆரம்பித்தார்களே, அன்றைக்கு என்று ஒரு பெண் உள்ளேயிருந்து கத்தினாள். ஆளாளுக்கு ஒரு காலம் இருந்தது, அதை விட்டுக்கொடுக்க ஆளில்லை. கடைசியில் எல்லோரும் சொர்ணக்கிளியைப் பார்த்தார்கள்.

அவளுக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள்.

“பஃப் கை போனதுதான் எண்பது போனது. நான் இந்த ஊருக்கு வாழ வந்தப்பவும் பஃப் கைதான் ஓடிக்கிட்டிருந்துது. கடைசி பஃப் கை தொண்ணூத்திரெண்டு சித்திரையில நான்தான் வெட்டுனேன். அதுவரைக்கும் எண்பதக்கா கணக்கு.”

ஊர் ஒத்துக்கொண்டது. அன்று சாயங்காலமே இரண்டு வருஷமும் சொச்சமும் எண்பதக்கா வீட்டுப் பின்வாசலுக்கு நகர்ந்தன. தொண்ணூறு மதினி இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு அடுத்த வாரம்தான் சொர்ணக்கிளியின் புருஷன் ஆவுடையப்பன் எண்பதக்கா வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். தனியார் பஸ் ஓட்டி ஓய்ந்தவர், அறுபத்திரண்டு வயது, வீட்டில் ஒரு நாளைக்கு மூன்று வார்த்தை பேசுவார்: காபி, சோறு, விளக்கை அணை. அப்படிப்பட்ட மனுஷன் காலையில் குளித்து, சலவை வேட்டி கட்டி, மீசையைக் கண்ணாடியில் பார்த்துச் சரிசெய்து, தெருவைக் கடந்து எதிர் வளவுக்குள் நுழைந்தால் மத்தியானம்தான் திரும்புவார். திரும்பும்போது முகத்தில் ஒரு சிரிப்பு மிச்சம் இருக்கும், அது வாசற்படி ஏறும்போது காணாமல் போகும்.

மிஷினில் உட்கார்ந்து அதைப் பார்க்கப் பார்க்கச் சொர்ணக்கிளிக்கு வயிறு எரிந்தது. யாராவது ஒரு பெண்பிள்ளையைப் பார்க்கப் போனால் தெருவில் நின்று நாலு கேள்வி கேட்கலாம், ஒரு காலத்தைப் பார்க்கப் போகிற புருஷனை எந்தப் பஞ்சாயத்தில் நிறுத்துவது? அவள் கல்யாணம் தொண்ணூற்றொன்று ஆவணியில். அவளுக்கும் அவருக்கும் ஏதாவது உண்டென்றால் அது தொண்ணூறு மதினி வீட்டில் இருக்கவேண்டும்; அந்தப் பக்கம் மனுஷன் தலை வைத்துக்கூடப் படுப்பதில்லை. எண்பதில் அவருக்கு என்ன இருக்கிறது? கஸ்தூரி இருக்கிறாள். அவருக்கு முதலில் பேசி முடித்து, பிறகு ஜாதகம் சரியில்லை என்று விட்டுப்போன சிவகிரிக்காரி. இந்த ஊரில் அத்தை வீட்டுக்கு வருவாளாம், வாய்க்கால் கரையில் நிற்பாளாம். மாமியார் உயிரோடு இருந்தவரைக்கும் கஸ்தூரி நிறம், கஸ்தூரி முடி, கஸ்தூரி கைமணம் என்று சொல்லிச் சொல்லியே செத்தாள். அந்தக் கஸ்தூரி இப்போது எதிர் வளவில், பத்தொன்பது வயது மாறாமல், பஃப் கை ஜாக்கெட்டில் நிற்கிறாள், என் புருஷன் மீசையைத் திருத்திக்கொண்டு போகிறார் என்று நினைத்தபோது ஊசி நகத்தில் இறங்கியது. அன்று வெட்டிய மூன்று ஜாக்கெட்டும் கழுத்து கோணலாகப் போயிற்று.

எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்தான். ஆனால் எண்பதக்கா வாசலை நான் மிதிப்பதா என்ற வீம்பு. எண்பதக்கா பெரிய பூப்போட்ட பாலியஸ்டர் சேலையில் தெருக்குழாய்க்கு வரும்போது, சொர்ணக்கிளி குடத்தை ஓங்கி வைப்பாள். எண்பதக்கா, நல்லாயிருக்கியா தாயி என்பாள். அதுவும் எரிச்சலாக இருக்கும். அந்தச் சேலை அவளுக்கு எடுப்பாக இருந்தது அதைவிட எரிச்சல்.

ஒரு வெள்ளிக்கிழமை பூக்காரி பேச்சியம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“மதினி, சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். ஞாயித்துக்கிழமை அண்ணாச்சிக்கு அங்கதான் சாப்பாடாம். ஒரு சின்னப் பிள்ளை எங்கிட்ட வாழை இலை எங்க கிடைக்கும்னு கேட்டுச்சு. எங்க மாமா சாப்பிட வாராவ, தலைவாழை இலையா வேணும்னு சொல்லுது.”

“எப்படி இருந்தா?”

“யாரைப் போலயோ இருந்தா, சட்டுனு ஞாபகம் வரலை. நல்ல லெச்சணம் மதினி. வாய் ஓயவே இல்லை.”

முத்துநாயகத்தின் வேட்டி கதவுச் சந்தில் போவது சொர்ணக்கிளியின் கண்முன்னால் நின்றது. நாளைக்கு நானும் ஒரு வேட்டியை வைத்துக்கொண்டு அந்தச் சந்தில் நிற்கவேண்டும், அதை வாங்க வருகிற கையில் கஸ்தூரியின் மஞ்சள் ஒட்டியிருக்கும் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆவுடையப்பன் சவரம் செய்துகொண்டு புறப்பட்டார். மத்தியானத்துக்கு என்ன வைக்க என்று சொர்ணக்கிளி கேட்டாள். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே, எனக்கு வேண்டாம் என்றார். மூன்று வார்த்தைக்கு ஒன்று குறைவு.

அவர் போய் ஒரு நாழிகை கழித்து அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். தெருவைக் கடந்தாள், தலைவாசலைக் கடந்தாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் எண்பதக்கா வீட்டு நடையில் போய் நின்றாள். எண்பதக்கா வானொலிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஊர்ல எத்தனையோ வீடு இருக்க, எங்க வீட்டுக்காரவுகதான் உனக்குக் கிடைச்சாவளா? உனக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணு கிடையாது, போன காலம் நீ. எனக்கு நாளைக்கும் வேணும் அந்த மனுசன்.”

எண்பதக்காவுக்குக் கோபம் வரவில்லை. “என்னைப் பாக்க யாருமே வரலை தாயி. எல்லாரும் என்னைத் தாண்டி வேற யாரையோ பாக்கத்தான் வாராவ. பின்வாசல் திறந்துதான் கிடக்கு, போய்ப் பாரேன்” என்றாள்.

பின்வாசலுக்கு அப்பால் வெயிலுக்கு ஒரு மஞ்சள் இருந்தது. செம்மண் தெரு, கொடிகளில் பஃப் கை ஜாக்கெட்டுகள், வாசலில் இட்லித் துணி உலர்த்துகிற செத்துப்போன மாமியார். சொர்ணக்கிளி அவளுக்கு முகம் காட்டாமல் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனாள். அங்கே கஸ்தூரி இல்லை, எருமை மட்டும் கிடந்தது. கால் தானாகக் கீழத்தெருவுக்குத் திரும்பியது. கோடியில் ஓர் ஓட்டு வீடு, பச்சைக் கதவு, உள்ளேயிருந்து வற்றாமல் ஒரு பேச்சுக் குரல். கல்யாணமானதும் அவளும் அவரும் தனிக்குடித்தனம் வந்த வீடு. ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள்.

ஆவுடையப்பன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் தண்ணீர் தெளித்த தலைவாழை இலை. எதிரே சோற்றுப் பானையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பரிமாறுவதை மறந்து, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தவள் இருபது வயதுச் சொர்ணக்கிளி.

அப்போதுதான் உறைத்தது. கடைசி பஃப் கை வரைக்கும் எண்பதக்கா கணக்கு என்று சபையில் எழுந்து நின்று சொன்னது யார்? கல்யாணமான முதல் வருஷத்தைத் தன் கையாலேயே வெட்டித் தூக்கி எண்பதக்கா மடியில் போட்டிருக்கிறாள். அந்த வருஷம் போய்ச் சேர்ந்த மறு வாரம் இந்த மனுஷன் புறப்பட்டிருக்கிறார்.

“அப்புறம் கேளுங்க மாமா” என்றாள் உள்ளே இருந்தவள். “எங்க வீட்டுக்காரவுக விடிய நாலு மணிக்கு வண்டி எடுக்கப் போனா, ராத்திரி வந்து விழுந்தா, கட்டை கணக்காத் தூங்குதாவ. நான் யார்கிட்டப் பேச? நீங்க வந்தபிறகுதான் எனக்கு மூச்சு வருது. கேளுங்க, டீச்சரம்மா கல்யாண ஜாக்கெட்டு, ஒரு கை தைச்சுக் கொடியில போட்டிருக்கேன், இன்னொரு கையை வெட்டிட்டுத் திரும்புதேன், எதிர் வீட்டு ஆடு வந்து—”

ஆவுடையப்பன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சின்னப் பிள்ளை கதை கேட்கிற முகம். முப்பத்துமூன்று வருஷத்தில் அந்த முகத்தைச் சொர்ணக்கிளி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

கஸ்தூரியாக இருந்திருந்தால் மயிரைப் பிடித்து இழுத்திருப்பாள், ஊரும் நியாயம்தான் என்றிருக்கும். இவளை என்ன செய்வது? கண்ணுக்குக் கீழே கருப்பு இல்லை, கையில் தைலவாடை இல்லை, சொல்ல வந்தது எதையும் விழுங்கிப் பழகவில்லை. கஸ்தூரிமேல் இல்லாத பொறாமை இவள்மேல் பொங்கிக்கொண்டு வந்தது. அந்தக் காது எனக்குச் சேரவேண்டியது, அந்த மத்தியானங்கள் எனக்குச் சேரவேண்டியவை, நான் எதிர் வீட்டில் நாளெல்லாம் மிஷினை மிதித்துக்கொண்டிருக்கிறேன், இவர் தெருவைத் தாண்டிவந்து இவளிடம் கொட்டுகிறார். என்னிடம் கேட்டிருந்தால் நானும் சொல்லியிருப்பேனே.

“அந்த ஆடு நேரா எங்க போச்சுன்னு நினைக்கிய?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே இருந்தவள் சோற்றை அள்ளினாள்.

சொர்ணக்கிளி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்த்தார், எழுந்திருக்க முயன்றார், கால் மரத்திருந்தது. சின்னவள் கரண்டியோடு திரும்பினாள், முகம் மலர்ந்தது.

“யாரு, அத்தையா? மாமாவைத் தேடி வந்தியளா? நீங்களும் உக்காருங்க, இன்னொரு இலை இருக்கு.”

அந்த மலர்ச்சியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. குனிந்து, அவருக்கு முன்னால் விரித்திருந்த வெறும் இலையின் நுனியைப் பிடித்து, எதிர்ப்பக்கமாக மடித்துப் போட்டாள்.

கரண்டி கீழே விழுந்தது. சின்னவள் மடித்த இலையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், வாய் திறந்தபடியே நின்றது, அதிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அந்தத் திறந்த வாயைப் பார்த்ததும் சொர்ணக்கிளிக்கு எல்லாம் வந்தது. இந்தச் சுவர், இந்தப் பானை, தினமும் வந்து கேட்டுக்கொண்டிருந்த நரைத்த மீசைப் பெரியவர், தலையில் முந்தானை போட்டு வந்து நின்ற பொம்பளை, அதற்குப்பின் அந்தப் பெரியவர் வரவே வராமல் போன மத்தியானங்கள், பேசினால்தானே இழப்பு என்று அவள் வாயை மூடிக்கொண்டது. விளக்கு வைக்கும்போதெல்லாம் யார் கையைச் சபித்தோம் என்று தெரிந்தது. வைத்தியத்துக்குக் கட்டுப்படாத மணிக்கட்டு வலி எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்தது. வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மடித்த இலையைத் திரும்ப விரித்து யாரும் பரிமாறுவதில்லை. அவள் புருஷனின் தோளைப் பிடித்துத் தூக்கினாள், அவர் எழுந்து வந்தார். வாசலைத் தாண்டும்போது அவர் திரும்பிப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை.

செம்மண் தெருவில் இரண்டு பேரும் நடந்தார்கள். பின்வாசல் கண்ணுக்குத் தெரிந்தபோது அவள் கேட்டாள்.

“சாப்பிட்டிருப்பியளா?”

அவர் கொஞ்ச தூரம் நடந்தார். “தெரியலை சொர்ணம். அவ பேசுதா. நீ பேசமாட்டேங்க. அன்னைக்கு நான் வீட்டுலயே இல்லை, அதான் இப்பமாவது...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவர் இவ்வளவு வார்த்தைகளைச் சேர்த்துச் சொல்லி எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று அவள் எண்ணிப்பார்த்தாள்.

எண்பதக்கா விலகி வழிவிட்டாள். தெருவுக்கு வந்து, தங்கள் வீட்டு வாசற்படியில் கால் வைக்கும்போது ஆவுடையப்பன் நின்றார். வழக்கமாக அந்தப் படியில்தான் அவர் சிரிப்பு தொலையும்.

“அந்த ஆடு அப்புறம் எங்க போச்சு?” என்று கேட்டார்.

சொர்ணக்கிளி சொல்ல வாயைத் திறந்தாள். டீச்சரம்மா ஞாபகம் வந்தது, கொடி ஞாபகம் வந்தது, கைத் துணியின் கத்தரிப்பூ நிறம்கூட வந்தது. ஆடு எங்கே போயிற்று என்பது வரவில்லை. முப்பத்துமூன்று வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது, எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை. அது அந்த வீட்டில் வாய் அடைத்து நிற்கிறவளுக்குத்தான் தெரியும், அவளும் இனிமேல் யாரிடமும் சொல்லமாட்டாள். போகிறபோக்கில் இதையும் அவளே வைத்துக்கொண்டாளே என்று மறுபடியும் வயிறு எரிந்தது.

ஆவுடையப்பன் படியில் உட்கார்ந்துவிட்டார், நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது நேரா கோயிலுக்குள்ள போச்சு” என்று சொர்ணக்கிளி வாய்க்கு வந்ததைச் சொன்னாள். குரல் துருப்பிடித்திருந்தது. அவர் நம்பவில்லை என்று கண்ணிலேயே தெரிந்தது. அந்தச் சிறுக்கி என்ன சொல்லியிருப்பாளோ, அதைவிட நன்றாக இருக்கவேண்டும் என்று வைராக்கியமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“வாயில அந்த பஃப் கையோட போய், சாமிக்கு முன்னால நின்னுது.”

“அப்புறம்?” என்றார் ஆவுடையப்பன்.